ஓடும் வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள்

கேரவன் என்றதும் தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது, ஷூட்டிங் நடக்கும் இடத்தில் ஏ.சி. போட்டு நிற்கும் நடிகர்களின் வண்டிதான். அமெரிக்காவில் அதே மாதிரி வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். அங்கே அது பெரிய மனிதர்களுக்கு மட்டுமானது இல்லை. ரிட்டயரான வாத்தியார் வைத்திருப்பார். கோடை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை, ஏரி என்று கிளம்பும் குடும்பம் வைத்திருக்கும். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களும் உண்டு (இவர்களைப் பற்றித்தான் ஜெசிக்கா ப்ரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' என்ற புத்தகம் எழுதினார். அது 2020-ல் படமாகவும் வந்து ஆஸ்கர் வாங்கியது). சில ஆர்.வி.க்களுக்குச் சொந்த எஞ்சின் இருக்கும். மற்றவை பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், குளிக்க ஷவர் எல்லாம் அடக்கம்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில், எல்க்கார்ட் என்ற ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் செய்யப்படுகின்றன. நம்மூர் சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ அப்படி எல்க்கார்ட்டுக்கு ஆர்.வி. கொரோனா காலத்தில் விமானம், ஓட்டல் என்றால் எல்லோரும் பயந்ததால் விற்பனை எகிறி, 2021-ல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியே போயின. தொழிலின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். புதுசு வாங்க முடியாதவர்கள் பதினைந்து, இருபது வருடப் பழைய வண்டிகளைத் தேடிப் போனார்கள். வால்பேப்பர் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1990-களில் செய்த ஒரு டிரெய்லரின் கதவைத் திறந்து பாருங்கள். சுவர் முழுக்க டீயில் நனைத்த மாதிரி ஒரு பழுப்பு. அதன் மேல் கொடியோ பூவோ புள்ளியோ, ஏதோ ஒன்று. கூரையை ஒட்டி நான்கு பக்கமும் வாத்துகள் வரிசையாக நடந்துபோகும் ஒரு பார்டர். அதே பழுப்பில் ஜன்னல் திரை, அதே பழுப்பில் மெத்தை உறை. வாங்கியவர் உள்ளே போய் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், வெள்ளைப் பெயிண்ட் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவார். தப்பே இல்லை. எட்டடி அகலப் பெட்டிக்குள் அந்தப் பழுப்போடு மழைநாள் ஒன்றைக் கழிப்பது கொடுமை.

ஆனால் கேள்வி வருகிறது. வால்பேப்பர் மேலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

வீடு கட்டித் தேர்ந்தவர்களிடம் கேட்டால் கூடவே கூடாது என்பார்கள். முதலில் காகிதத்தை உரி, பசையைக் கழுவு, பட்டி பார், அப்புறம் பெயிண்டைத் தொடு என்பார்கள். வீட்டைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு. பெயிண்டில் இருக்கும் ஈரம் காகிதத்துக்கு அடியில் உள்ள பசையை இளக்கிவிடும். காகிதம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், ஒட்டுகள் பெயிண்டுக்கு மேலேயே தெரியும். அதனால் வீட்டில் வால்பேப்பர் மேல் அடிப்பவன் சோம்பேறி என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தக் கெட்ட பெயரை அப்படியே தூக்கிவந்து ஆர்.வி. மேல் ஒட்டுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

ஆர்.வி.யின் சுவர் சுவரே இல்லை. செங்கல் இல்லை, காரை இல்லை, வீடுகளில் இருக்கும் ஜிப்சம் பலகையும் இல்லை. லுவான் என்று சொல்லப்படும் வெப்பமண்டல மரத்தின் பிளைவுட், கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அவ்வளவுதான். அதன் மேல் வினைல் பூசிய மெல்லிய காகிதத்தை ஆலையிலேயே ஒட்டிவிடுகிறார்கள், பிறகுதான் அந்தப் பலகை சுவராக நிற்கிறது. அதனால் காகிதம் அலமாரிக்குப் பின்னாலும், கட்டிலுக்குப் பின்னாலும், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் ஓடுகிறது. பலகைகள் நாலடி அகலம் என்பதால், நாலடிக்கு ஒரு ஒட்டு வரும். அதை மறைக்க மேலே மெல்லிய பட்டை ஒன்றை அடித்துவிடுவார்கள். பழைய ஆர்.வி.க்குள் செங்குத்தாகக் கோடு கோடாகத் தெரிவது அந்தப் பட்டைதான்.

இந்தக் காகிதத்தை உரிக்கப் போனால் என்ன ஆகும்? நல்ல வண்டியில் அது வரவே வராது. வந்தால் பிளைவுட்டின் மேல் ஏட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் அந்த மூன்று மில்லிமீட்டர் பலகையைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுச் சமன் செய்வதற்குள் கோடை முடிந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் இருப்பதைத் தொடக்கூட முடியாது. வீட்டில் வால்பேப்பர் சுவருக்குப் போட்ட சட்டை என்றால், ஆர்.வி.யில் அது தோல். சட்டையைக் கழற்றலாம். தோலை உரிக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. மேலேயே அடிப்பதுதான் அங்கே முறையான வேலை. (வாத்து பார்டர் மட்டும் விதிவிலக்கு. அது பிறகு ஒட்டியது. தலைக்குச் சூடுகாட்டும் ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டினால் வாத்துகள் வரிசையாகக் கழன்று வந்துவிடும்.)

மேலேயே அடிக்கலாம் என்பதால் நேராக டப்பாவைத் திறந்து அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. வினைல் வழுவழுப்பானது, எதையும் உறிஞ்சாது. அதன் மேல் இருபது வருடச் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும், பழைய சொந்தக்காரர் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அந்தப் புகையும் படிந்திருக்கும். நேரடியாக அடித்த பெயிண்ட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து நாற்காலி உரசினால், சின்ன வயதில் உள்ளங்கையில் ஃபெவிகால் தடவிக் காயவைத்து உரித்து விளையாடுவோமே, அந்த மாதிரி அப்படியே சவ்வாகக் கழன்று வரும். அதுவும் வண்டி சாதாரண வீடு இல்லை. மேடு பள்ளத்தில் ஓடும்போது சுவர் ஒவ்வொன்றும் நெளியும், வெயிலில் நிறுத்தினால் விரியும், பனியில் சுருங்கும்.

ஆகவே முதலில் பிசுக்கை எடுக்கும் கரைசல் போட்டுக் கழுவி, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். 220-ஆம் நம்பர் மாதிரி நைசான உப்புத்தாளால் லேசாக, பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும், தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் வினைல் கிழிந்து காகிதம் எட்டிப்பார்க்கும். அடுத்து, வழுக்கும் பரப்பில் பிடித்துக்கொள்வதற்கென்றே விற்கும் பிரைமர். இதில் காசு மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். பிரைமர் காய்ந்ததும் நகத்தால் கீறிப் பார்க்கலாம். வரவில்லை என்றால் சரி. அதன் மேல் பெயிண்ட், இரண்டு கோட், இரண்டும் மெல்லிசாக. தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் முழுசாக இறுகுவதற்கு ஒரு மாதம் வரை ஆகும் என்பதைப் பலரும் மறந்துவிட்டு, மறுநாளே அலமாரிச் சாமானையெல்லாம் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள்.

பெயிண்ட் அடித்தால் வண்டியின் எடை கூடிவிடும் என்று பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இழுவை வண்டிக்கு எடை முக்கியம்தான். ஆனால் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் பெயிண்ட், டப்பாவில் இருக்கும்போதே சுமார் 5 கிலோதான். காய்ந்தால் அதில் பாதி காற்றோடு போய்விடும். ஒரு சாதாரண டிரெய்லரின் குடிதண்ணீர்த் தொட்டி 40 கேலன் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அது நிறைந்தாலே 150 கிலோ. தொட்டியை நிரப்பிக்கொண்டு பெயிண்டை எடை போடுவது, பிரியாணியை முடித்துவிட்டு டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது மாதிரி.

இதுவரைக்கும் வெள்ளையடிப்பவர் கட்சி. இனிமேல்தான் அந்தக் கட்சிக்காரர்கள் கேட்க விரும்பாத விஷயம்.

ஆர்.வி.யைக் கொல்வது தண்ணீர். விபத்தோ எஞ்சின் கோளாறோ இரண்டாம் பட்சம். கூரையில் காற்றுப் போக்கி, ஏ.சி., ஸ்கைலைட் என்று எத்தனை ஓட்டைகள் போட்டிருக்கிறார்களோ அத்தனை இடத்திலும் தண்ணீர் உள்ளே வர வழி இருக்கிறது. ஜன்னல் சட்டம், மூலைகளில் அடித்த பட்டை, நெற்றியில் இருக்கும் சின்ன விளக்குகள் என்று இன்னும் பல வழிகள். இவை எல்லாவற்றையும் காப்பாற்றுவது சுற்றிலும் பூசிய சீலன்ட்தான். அது வெயிலில் வெடிக்கும். அடிக்கடி ஏறிப் பார்த்து மறுபடி பூச வேண்டும். பார்க்காமல் விட்டால், சொட்டுச் சொட்டாகச் சுவருக்குள் இறங்கும் தண்ணீர் மரச் சட்டத்தில் ஊறும். உள்பக்கம் வினைல் இருப்பதால் ஈரம் எளிதில் வெளியேறாது. சட்டம் மக்கும், லுவான் பலகை நனைந்த அப்பளம் மாதிரி ஆகும், பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் வண்டி ஜம்மென்று நிற்கும்.

உள்ளே நடப்பதை முதலில் சொல்வது யார்? எல்லோரும் திட்டும் அந்தப் பழுப்பு வால்பேப்பர். ஜன்னலுக்குக் கீழே லேசாகச் சுருங்கும். மூலையில் டீக்கறை மாதிரி ஒரு வளையம் தோன்றும். ஒரு கொப்புளம் எழும்பும். பட்டையில் அடித்த ஸ்டேபிள் பின் துருப்பிடித்து, கீழ்நோக்கி ஒரு செம்பழுப்புக் கோடு இழுக்கும். விரலால் அழுத்தினால் சுவர் உள்வாங்கும். காகிதம் பொய் சொல்லத் தெரியாத சாட்சி. அந்தச் சாட்சியின் வாயில்தான் வெள்ளைப் பெயிண்டை ஊற்றுகிறார்கள்.

சொந்தமாக வைத்துக்கொள்பவர் ஊற்றினால் அவர் தலையெழுத்து. கவலைப்பட வேண்டியது விற்பதற்காக ஊற்றுபவரைப் பற்றி. பழைய ஆர்.வி.யைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஒரு வாரத்தில் உள்ளே முழுக்க வெள்ளை அடித்து, இரண்டு தலையணை, ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு மரப் பலகை வைத்துப் போட்டோ எடுத்து, இரண்டு மடங்கு விலைக்கு விற்பது அங்கே ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கூரையைச் சரிசெய்துவிட்டு நேர்மையாக வேலை பார்ப்பவர்களும் அதில் உண்டு. ஆனால் கூரைக்கு ஏறுவது கஷ்டம், மக்கிய சட்டத்தை மாற்றுவது அதைவிடக் கஷ்டம், பெயிண்ட் சுலபம். கறை பெயிண்டுக்கு மேலும் ஊறி வெளியே வருமே என்றால் அதற்கும் மருந்து இருக்கிறது. அரக்கில் செய்த பிரைமர் ஒரு கோட் போட்டால் தண்ணீர்க் கறை அடங்கிவிடும். நியாயமான வேலைக்கும் அதே டப்பாதான், திருட்டு வேலைக்கும் அதே டப்பாதான். (அரக்கு இந்தியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் சரக்கு. பாண்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்ததும் அரக்கு மாளிகைதான். வெளியிலிருந்து பார்க்க அதுவும் ரொம்ப அழகாக இருந்ததாம்.)

ஏமாந்து வாங்குபவர் யார் என்று யோசித்தால் கோபம் வரும். புது வண்டி வாங்க வசதி இருப்பவர் இந்தச் சரக்குப் பக்கமே வரமாட்டார். கையில் இருக்கும் சேமிப்பை மொத்தமாகக் கொடுத்து, இனிமேல் இதுதான் வீடு என்று வருபவர்தான் இதில் மாட்டுகிறார். முதல் மழைக்காலத்தில் புது வெள்ளைச் சுவர் ஊதுகிறது. பூஞ்சை வாடையோடு குழந்தை தூங்குகிறது.

சட்டம் என்ன செய்கிறது? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் வீட்டை விற்பவர், பெரும்பாலான மாநிலங்களில், கூரை ஒழுகியதா, ஓதம் இருந்ததா என்று தனக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். டீலர் ஒருவர் பழைய கார் விற்றால், மத்திய வர்த்தக ஆணையம் 1985-லிருந்து நடைமுறைப்படுத்தும் விதிப்படி, வாரண்டி உண்டா, இல்லை இருக்கும் நிலையிலேயே விற்பனையா என்று தெளிவாக எழுதிய ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். இழுத்துப்போகும் டிரெய்லருக்கு இரண்டும் கிடையாது. அது நிலத்தில் நிற்கும் வீடு இல்லை, அதனால் வீட்டுப் படிவம் இல்லை. அந்த விதியில் வாகனம் என்றால் எஞ்சின் உள்ளது, அதிலும் குறிப்பிட்ட எடைக்கும் அளவுக்கும் உட்பட்டது. ஆகவே டிரெய்லர் வெளியே, பெரிய மோட்டார் ஹோமும் வெளியே. மோசடி என்று நிரூபித்தால் கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனால் கறையைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தான் என்று எப்படி நிரூபிப்பது? சாட்சி பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது.

இதே டிரெய்லரில் படுக்க, சமைக்க, கக்கூஸ் போக வசதி இருந்தால், கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கேட்கும்போது அது வீடு என்று வரித்துறை ஒத்துக்கொள்கிறது. அரசாங்கம் கணக்குப் பார்க்கும்போது வீடு, வாங்குபவனைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் வீடும் இல்லை வண்டியும் இல்லை. நல்ல கதை!

இந்தக் குழப்பத்துக்கு முன்பே ஒருமுறை மக்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 2005-ல் கத்ரீனா புயலில் வீடு இழந்தவர்களை அரசு டிரெய்லர்களில் குடியமர்த்தியது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார்கள் வந்தன. காரணம் பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு பசைகளிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு. நிரந்தரமாக வைக்கும் ஆலைத் தயாரிப்பு வீடுகளின் பலகைகளுக்கு 1980-களிலிருந்தே இதற்கு வரம்பு இருந்தது. டிரெய்லர் 'வண்டி' என்பதால் அந்த வரம்பு அதைத் தொடவில்லை. சி.டி.சி. எனப்படும் நோய்த்தடுப்பு மையம் 519 டிரெய்லர்களையும் ஆலை வீடுகளையும் சோதித்து, 2008 பிப்ரவரியில் சராசரி 77 பிபிபி என்று அறிவித்தது. சிலவற்றில் 500-ஐயும் தாண்டியிருந்தது. பிறகு 2010-ல் சட்டம் வந்து, 2018-லிருந்துதான் ஆர்.வி. பலகைகள் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு நடைமுறைக்கு வந்தது. பலகைக்கு ஒரு வழி பிறக்க அத்தனை வருடம். ஒழுகலுக்கு இன்னும் பிறக்கவில்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. பெயிண்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு மூலையையும், ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். ஈரமானி வைத்து அளந்தால் அந்த எண்ணும் போட்டோவில் தெரியட்டும். ஈரமானி ஒன்றும் பெரிய விலை இல்லை, சில பத்து டாலர்களுக்கு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஈரம் காட்டினால் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கூரைக்கு ஏற வேண்டும். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், வண்டிக்குள் காற்றை நிரப்பி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. சைக்கிள் பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவார்களே, அதே தத்துவம். சுவர் காய்ந்து, சட்டம் உறுதி என்று தெரிந்த பிறகு எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கட்டும். விற்கும்போது போட்டோக்களையும் சீலன்ட் வாங்கிய ரசீதையும் சாவியோடு சேர்த்துக் கொடுக்கட்டும்.

வாங்குபவர் அந்தப் போட்டோக்களைக் கேட்கப் பழக வேண்டும். "எடுக்கவில்லையே" என்ற பதில் குற்றம் ஆகாது. ஆனால் அந்தப் பதிலுக்கு விலையில் இடம் உண்டு. மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது நல்லது. கதவைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில் வேறு வாசனை இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் சும்மா நின்று மூச்சு இழுத்துப் பார்க்கலாம். நடுக்கூடத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அங்கே எல்லோரும் நன்றாகத்தான் அடித்திருப்பார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு மேல் அலமாரிக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கூரையும் சுவரும் சேரும் பின்மூலையைப் பார்க்க வேண்டும். ரோலர் அதுவரை எட்டாது. பழைய பழுப்புக் காகிதம் அங்கே இன்னும் ஒரு சாண் அகலத்துக்கு மிச்சமிருக்கும்.